வருமானம் குறைந்த இலங்கையில் ஆயுள் எதிர்பார்ப்பு உயர்ந்திருப்பது ஏன்?

புவியியல் ஆசிரியர், கல்முனை:
அமெரிக்காவின் தலா வருமானத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் நம் நாட்டினுடையது. ஆனால் பிறப்பின்போதான ஆயுள் எதிர்பார்ப்பு இங்கே 77 ஆண்டுகளை அண்டியிருக்கிறது; அமெரிக்காவுக்கும் நமக்கும் இடையில் ஓரிரண்டு ஆண்டுகளே வேறுபாடு. அப்படியானால் பணத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு இல்லையா என்று என் உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் கேட்கிறார். வகுப்பில் விளக்குவதற்கு ஏற்ற சான்றுகளைத் தர முடியுமா?

ஓய்வுபெற்ற மருத்துவமாது, களுவாஞ்சிக்குடி:
தொடர்பு இருக்கிறது, சேர். ஆனால் வறுமையின் அடிமட்டத்தில்தான் அது மிக வலுவானது. ஒரு கட்டத்துக்கு மேல் பணம் கூடக்கூட ஆயுள் அதே வேகத்தில் கூடுவதில்லை. இதை 1975 இல் அமெரிக்க மக்கள்தொகை ஆய்வாளர் சாமுவேல் பிரெஸ்டன் வரைகோடாகவே காட்டினார். இலங்கையின் ஆயுள் எதிர்பார்ப்பு 1946 இல் ஏறத்தாழ 43 ஆண்டுகளாக இருந்து 1953 அளவில் 58 ஐ எட்டியது; அந்த ஏழாண்டில் குடும்பங்களின் வருமானம் அந்த அளவுக்குப் பெருகிவிடவில்லை. டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லியைத் தெளித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தியதைப் பலரும் முதற்காரணமாகச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு என்றாலும், 1926 இல் களுத்துறையில் தொடங்கிய, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரியும் மருத்துவமாதுகளும் பொறுப்பாக இருக்கும் சுகாதாரப் பிரிவு முறை, 1931 இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை, 1940களின் இலவசக் கல்வி, அரிசிப் பங்கீடு ஆகியவற்றை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. வாக்குக் கேட்டு வருகிறவரிடம் ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரி கேட்கும் பழக்கம் வாக்குரிமையோடு வந்தது.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடத் தாயின் படிப்புத்தான் பெரிது. பிள்ளையின் நிறையைத் தராசில் பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளியிட்டுக் கொடுத்தால், கோடு கீழே சரிவதைத் தானே கண்டு அடுத்த கிழமைக்கு முன்னரே கிளினிக்குக்கு வருகிறவர் எழுத வாசிக்கத் தெரிந்த தாய்தான். அந்த அட்டையைத் தலையணைக்கு அடியில் மடித்து வைத்துவிடுகிற வீடுகளுக்கு நாங்கள்தான் தேடிப் போக வேண்டியிருந்தது.

படுவான்கரைவாசி:
அக்கா சொல்வது சரி. ஆனால் 77 என்ற சராசரியை வைத்து நாம் அதிகம் பெருமைப்படக் கூடாது என்பது என் கருத்து. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, வாவியின் மேற்குக் கரையிலுள்ள எங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கர்ப்பிணிகள் மட்டக்களப்பு நகருக்குப் போவதற்கு வாவியில் பாதைப்படகைக் காத்து நிற்க வேண்டும், அல்லது சுற்றுவழியில் போக வேண்டும். இரவில் இரத்தப்போக்கு ஏற்பட்ட தாய்க்கு நாட்டின் சராசரி என்ன உதவி செய்யும்? வருமானம், கல்வி என்று பேசும்போது தெருவையும் பாலத்தையும் அவற்றோடு சேர்த்தே பேச வேண்டும். போர்க்காலத்தில் கிழக்கில் வைத்தியர்கள் இல்லாத ஆஸ்பத்திரிகள் எத்தனையோ இருந்தன. கட்டடம் இருந்ததால் மட்டும் உயிர் தப்பிவிடவில்லை.

புள்ளிவிபரம் படிப்பவன், அக்கரைப்பற்று:
சேர், மாணவர்களுக்கு முதலில் ஒன்றைத் தெளிவாக்குங்கள். 1946 இல் 43 என்றால் எல்லோரும் நாற்பத்து மூன்றில் இறந்தார்கள் என்று பொருளாகாது. பச்சிளங் குழந்தைகள் பெருமளவில் இறந்ததால் சராசரி கீழே இழுக்கப்பட்டது. அதனால்தான் தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், மருத்துவமாது போன்ற செலவு குறைந்த வழிகளால் அந்த எண்ணை விரைவாக உயர்த்த முடிந்தது. இப்போது இங்கே ஆயுளைக் குறைப்பவை நீரிழிவு, மாரடைப்பு, மது, வெற்றிலையோடு சேரும் புகையிலை. இவற்றுக்கு வாழ்நாள் முழுக்க மருந்தும் கண்காணிப்பும் தேவை. 2022 பொருளாதார நெருக்கடியில் கிளினிக்கில் மாத்திரை இல்லாமல், வெளிப் பாமசியில் பாதி நாட்களுக்கு மட்டும் வாங்கிச் சமாளித்தவர்களை எல்லோரும் அறிவோம். பணம் மறுபடி முக்கியமாகும் இடம் அதுதான்.

சமூகம் குலைந்தால் ஆயுளும் குலையும் என்பதற்கு ரஷ்யாவைக் காட்டலாம்: சோவியத் ஒன்றியம் சிதறிய காலத்தில், ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 1990 இல் ஏறத்தாழ 64 ஆக இருந்து 1994 இல் 58 க்கும் கீழே போனது, வேலையிழப்பும் குடியும் அதில் பெரும் பங்கு வகித்தன. அமெரிக்கா தேசிய வருமானத்தில் ஏறத்தாழ 17 வீதத்தைச் சுகாதாரத்துக்குச் செலவிட்டும், 84 ஆண்டுகளை எட்டிய ஜப்பானுக்குப் பின்னால் நிற்பதற்கு, போதை மருந்து மரணங்கள், துப்பாக்கி, உடற்பருமன், மருத்துவக் காப்புறுதி இல்லாதோர் என்று பல காரணங்கள் உண்டு.

புவியியல் ஆசிரியர், கல்முனை:
மிக்க நன்றி. இலங்கையிலும் பெண்கள் ஆண்களைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள். அதற்குக் குடி எவ்வளவு, தொழில் எவ்வளவு காரணம் என்பதையும் வகுப்பில் விவாதிக்க எண்ணியுள்ளேன்.

ஓய்வுபெற்ற மருத்துவமாது, களுவாஞ்சிக்குடி:
கிளினிக்குக்கு வராத பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சேர். நீரிழிவுக் கிளினிக் வரிசையில் ஆண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.