புதுப்பிப்பு: திருச்சியில் மூன்று வயதுப் பெண்ணோடு எங்கே போவது?

சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடிவந்த புதிதில், மாலையில் பாப்பாவை எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்டிருந்தேன். பலரும் ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைச் சொன்னீர்கள். போய் வந்தோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இவ்வளவு பச்சையா என்று எனக்கே பிரமிப்பு. செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்றபடி காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் குழந்தை தாங்காது.

ஆனால் எங்கள் வழக்கத்தை மாற்றியது அங்கே பார்த்த செடிகள்தான். எருக்கு, எலுமிச்சை, கறிவேப்பிலை எல்லாம் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும் செடிகளாம். எருக்கு எங்கள் தெருமுனைக் காலிமனையிலேயே மண்டிக்கிடக்கிறது! இப்போது பால் வாங்கப் போகும்போது அங்கே நின்று, இலைக்கு அடியில் கறுப்பு வெள்ளை மஞ்சள் பட்டை போட்ட புழுவைத் தேடுகிறோம். கிடைத்துவிட்டால் பாப்பாவை நகர்த்தவே முடியாது. எதிர்வீட்டுப் பாட்டியும் பேத்தியோடு சேர்ந்துகொள்கிறார். பேச ஆள் கிடைத்ததில் எனக்குத்தான் அதிக சந்தோஷம்.

ஒன்று மட்டும் கவனம்: எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தையை இலை பறிக்க விடாதீர்கள், வந்ததும் கை கழுவுங்கள்.

அடுத்து காவிரிக்கரையில் இருக்கும் முக்கொம்பு அணைப் பூங்காவுக்குப் போகிறோம். சின்னக் குழந்தையோடு போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அங்கே நிழல் போதுமா?