பொருள்: பேருந்து அட்டைக்குத் ‘தட்டு’ வேண்டாம், ‘ஒற்று’

அன்புள்ள குழுமத்தாருக்கு,

சிங்கப்பூர்ப் பேருந்தில் கட்டண அட்டையைக் கருவியில் ‘டேப்’ (tap) செய்வதற்குத் தமிழில் ‘தட்டு’ போதும் என்று நம் குழுமத்தில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். எனக்கு உடன்பாடில்லை.

அந்தச் சின்ன ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை வேலை! தண்ணீர்க் குழாய் டேப். கதவை மெல்லத் தட்டுவதும், தொலைபேசியை ஒட்டுக்கேட்பதும் டேப். (நாடாவையும் நாம் டேப் என்றே எழுதுகிறோம், அது வேறு சொல்.) ரப்பர் பால் எடுப்பதும் அதுவே. 1888ல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். மலாயாத் தோட்டங்களில் அந்த வேலையைச் செய்த நம் மக்கள் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கவில்லை, கையிலிருந்த கத்தியைப் பார்த்தார்கள். ‘பால்மரம் வெட்டுறது’, ‘மரம் சீவுறது’ என்றார்கள். நாமும் செயலைத்தான் பார்க்க வேண்டும்.

அட்டைக்குள் மின்கலம் கிடையாது. பேருந்திலுள்ள கட்டணக் கருவியின் காந்தப் புலத்துக்குள் வந்தவுடன் அதிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் தூண்டப்பட்டுச் சில்லு விழிக்கிறது. அதற்கு அட்டை ஒரு கணம் அங்கே நிற்க வேண்டும். ‘தட்டுங்க’ என்றால் என் அம்மா படாரென்று தட்டி எடுத்துவிடுவார், கருவி ஏற்காது. ‘கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவீங்களே, அது மாதிரி வைங்கம்மா’ என்றேன். அன்றிலிருந்து தகராறு இல்லை.

ஆகவே ‘ஒற்று’; பேச்சில் ‘ஒத்து’ என்கிறோமே, அதேதான். ஏறும்போதும் ஒற்றுக, இறங்கும்போதும் ஒற்றுக. இறங்கும்போது மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் போய்விடும்; சொல் தெளிவாக இருந்தே ஆக வேண்டும். இந்தச் சொல்லைப் பற்றித் தம்பி ஒருவர் கேட்டிருந்தது:

> அக்கா, ஒற்று என்றால் மெய்யெழுத்து. உளவும்கூட. குழப்பம் வராதா?

வராது தம்பி. அவை பெயர்ச்சொற்கள், நமக்கு வேண்டியது வினை. ஒத்தடம் கொடுக்கும் வீட்டில் யாரும் இலக்கணத்தை நினைப்பதில்லை. உளவுப் பொருள் திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடலிலேயே இருக்கிறது. தொலைபேசி டேப்புக்கு அதை எடுக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் ‘ஒட்டுக்கேட்பு’ நன்றாக வேரூன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

இடறுவது கருவியின் பெயரில்தான். ‘ஒற்றி’ என்றால் அடமானம் ஆகிவிடுகிறது. ‘ஒற்றுப்பலகை’ என்றால் எழுத்துப் பலகைபோல் இருக்கிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள்.