மச்சானோட சேர்ந்து பவர்டேபிள் போடறோம், கூட்டுப் பத்திரம் பத்தி விவரம் வேணுங்க

வணக்கமுங்க. திருப்பூர் பெருமாநல்லூர் பக்கம் தகர ஷெட் ஒண்ணு வாடகைக்குப் புடிச்சு மச்சானும் நானும் பவர்டேபிள், அதாவது பனியன் தைக்கற மெஷின் போட்டு கூட்டா தொழில் பண்றோம். நாலு ஓவர்லாக், ரெண்டு பேட்லாக் தையல் மெஷின். தையல் கூலி வேலை மட்டுந்தான், துணி கம்பெனியோடது.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆன்லைன்ல முடிச்சாச்சு. கூலி வரவு வருசத்துக்கு 20 லட்சம் தாண்டுனாத்தான் ஜிஎஸ்டின்னு ஆடிட்டர் சொல்லிட்டார். குழப்பமே கூட்டுத்தொழில் பத்திரத்துலதானுங்க. முத்திரைத்தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்ங்கறார் மச்சான். 1932 கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லைதான். ஆனா பதியாத நிறுவனம் கம்பெனிக்காரன் வெச்ச பாக்கிக்குக் கேஸ் போட முடியாதுன்னு 69ஆம் பிரிவு சொல்லுதே? கூலி பாக்கி இழுக்கறது நம்மூர்ல புதுசா என்ன! மச்சான் அக்கா வூட்டுக்காரராச்சே, அவர்கிட்ட இதைப் பேசறதே ஒரு பாடு, அது வேற கதை.

சிறுதொழில் சட்டத்துல எழுத்து ஒப்பந்தம் இல்லாட்டி 15 நாள், இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல பணம் தரோணும். அதை வெச்சு யாராச்சும் நெசமாவே கூலி வாங்கியிருக்கீங்களா? அதுக்கப்புறம் அந்தக் கம்பெனி வேலை குடுத்துச்சா? திருப்பூர்ல பத்திரம் பதிஞ்சவங்க, ஷெட்டுக்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதுமா, ஓனர்கிட்ட தனியா ஏதாச்சும் எழுதி வாங்கோணுமான்னும் சொல்லுங்க.