சாமல்பட்டியில எரிமலை வாயுவா? (தெரு குழுவுல காலைப் பேச்சு)

செல்வி: ஒரு ஃபார்வர்டு வந்திருக்கு. ஏரிக்கரையில மரமெல்லாம் நின்னபடியே பட்டுப்போயிருக்கு, மண்ணுக்குள்ள இருந்து எரிமலை வாயு வருதாம். கீழயே "நம்ம சாமல்பட்டியிலயும் எரிமலைப் பாறை, உஷார்"னு. நெசமா சார்?

குமரேசன் சார்: ஏரி நெசம், உஷார் பொய். அது கலிபோர்னியாவுல மேமத்ங்கற எரிமலை அடிவாரத்து ஹார்ஸ்ஷூ ஏரி. 1989ல மாசக்கணக்கா சின்னச் சின்ன நிலநடுக்கம். மறுவருசமே மரம் காய ஆரம்பிச்சிடுச்சு. சாதாரண மண்ணுல 1%க்கும் கீழ இருக்கற கார்பன் டை ஆக்சைடு அங்க 20லருந்து 90% வரைக்கும்.
சாமல்பட்டியில இருக்கறது கார்பனடைட், அதாவது உருகுன குழம்பு இறுகி உண்டான சுண்ணாம்பு மாதிரிப் பாறை, ஏறக்குறைய 80 கோடி வருசப் பழசு. ஒகேனக்கல் பக்கத்துல இருக்கறது 240 கோடி. மேல இருந்ததெல்லாம் அரிச்சுப்போச்சு, அடியில உருகுன பாறையும் இல்ல. கல்லு மேல நீர்த்த ஆசிட் விட்டா நுரைக்கும், அவ்வளவுதான்.

செல்வி: கார்பன் டை ஆக்சைடு மரத்துக்குச் சாப்பாடாச்சே?

நிவேதா: இலைக்குத்தான் சாப்பாடு அத்தை. வேருக்கு ஆக்சிஜன் வேணும். மண்ணிடுக்கெல்லாம் அந்த வாயு அடைச்சிக்கிட்டா வேர் மூச்சுமுட்டிச் சாகும், மண்ணும் புளிச்சிப்போகும்.

பெரியசாமி: எவ்ளோ வருதுன்னு எப்படிம்மா அளக்கறாங்க?

நிவேதா: அடி இல்லாத வட்ட டப்பாவை மண்ணு மேல கவுத்து, உள்காத்தை பம்பு வழியா அகச்சிவப்பு அனலைசருக்கு அனுப்பி, திரும்ப டப்பாவுக்கே விடுவாங்க. பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல அந்த வாயு எத்தனை பங்குங்கறது, எவ்ளோ வேகமா ஏறுதுன்னுதான் கணக்கு. டப்பா உயரம் 20 செ.மீ., நொடிக்கு 1 பிபிஎம் ஏறுனா, நம்ம பக்கத்து காத்தழுத்தத்துல சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் வாக்குல வரும். வேரும் கிருமியும் விடற மூச்சே அந்த அளவுக்கு வரலாம். எரிமலை மண்ணுல இது ஆயிரக்கணக்குல போகும்.
தப்பு எங்க வரும்னா, டப்பா உக்கார்ற வளையத்தை மண்ணுல குத்துன கையோட அளந்தா கலைஞ்ச மண்ணு வாயுவைக் கக்கும், எண்ணு ஏத்தமா காட்டும். ஓரம் சரியா படியலன்னா காத்து பூந்து குறைச்சுக் காட்டும். ரொம்ப நேரம் வச்சா பிபிஎம் ஏத்தத்தைக் காட்டற கோடு வளைஞ்சிடும், அதனால ஆரம்பத்து நேர்கோட்டை மட்டும் எடுக்கணும். மழை பேஞ்ச மண்ணுல துளை அடைபட்டு வாயு வேற பக்கமா ஒதுங்கிடும். அந்த ஏரி 2,700 மீட்டர் உயரம், அழுத்தத்தைத் திருத்தாம கணக்குப் போட்டா கால்வாசிக்கு மேல கூடிப்போகும்.

குமரேசன் சார்: எரிமலையோடதா, மக்குன இலையோடதான்னு பிரிக்க கார்பன்-14ங்கற கதிரியக்க கார்பனைப் பாப்பாங்க. பூமிக்கடியில இருந்து வர்றதுல அது இருக்காது. அங்க உள்ள மரத்தோட வளையத்துலயே கார்பன்-14 குறைஞ்சது தெரிஞ்சுது.

பெரியசாமி: சார், எரிமலைய விடுங்க. நாங்க இறங்கப்போற தூர் வாராத கெணத்துலயும் இதே வாயுதானே நிக்குது. மெழுகுவத்தி இறக்கிப் பாத்தா போதும்ங்கறானுங்க.

நிவேதா: போதவே போதாது அண்ணே. மெழுகுவத்தி அணைய ஆக்சிஜன் 16% கிட்ட இறங்கணும். 10% கார்பன் டை ஆக்சைடு கலந்தாலும் ஆக்சிஜன் 19% இருக்கும், திரி ஜம்முனு எரியும், ஆளுதான் சாஞ்சிடுவாரு. மீத்தேன் இருந்தா நெருப்பே வினை. கார்பன் டை ஆக்சைடுக்கு வாசனையும் வராது, காத்தை விட ஒன்றரை மடங்கு கனம்ங்கறதால அடியிலயே தேங்கி நிக்கும்.

செல்வி: அப்ப மீட்டர் வாங்கிடலாமா?

நிவேதா: இங்கதான் ஏமாறுவாங்க. கடையில குடுக்கற நாலு வாயு மீட்டர்ல ஆக்சிஜன், தீப்பிடிக்கற வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு மட்டும்தான். ஆக்சிஜன் 19.5க்குக் கீழ போனாதான் அலாரம். கார்பன் டை ஆக்சைடு 5% நின்னா ஆக்சிஜன் 19.9, மீட்டர் சத்தமே போடாது. ஆனா 4%ங்கறதே உயிருக்கு ஆபத்தான அளவு. அதுக்குத் தனி சென்சார் இருக்கான்னு கேட்டு எடுங்க. மேல நின்னுக்கிட்டே குழாயை விட்டு நடுவுல ஒரு தடவை, அடியில ஒரு தடவை பாக்கணும்.

பெரியசாமி: ப்ளோயரை மேல வச்சு உறிஞ்சினா?

நிவேதா: வேண்டாம். ஹோஸ் வாய் அடியில இருந்து ரெண்டு மூணு அடி மேல நிக்கற மாதிரி இறக்கி நல்ல காத்தைத் தள்ளுங்க. 60 அடி கெணத்துக்கு 70 அடி ஹோஸாச்சும் வேணும். ஜெனரேட்டர் கெணத்துலருந்து காத்து வீசிப் போற பக்கமா, தள்ளி இருக்கட்டும். ஆளு உள்ள இருக்கற வரைக்கும் ப்ளோயரை நிறுத்தக்கூடாது, சேத்தைக் கிளறுனா மறுபடியும் வாயு கிளம்பும்.

குமரேசன் சார்: உள்ள ஒருத்தர் விழுந்துட்டா யாரும் பின்னாலயே குதிக்காதீங்க, தீயணைப்புக்கு 101 அடிங்க. முதல்லயே உடம்பு முழுக்கப் பிடிக்கற ஹார்னஸும் கயிறும் கட்டிதான் ஆளை இறக்கணும், மேல இருந்தே இழுக்க கப்பி வேணும்.

பெரியசாமி: சரிங்க சார். ஹோஸ் 50 அடிதான் இருக்கு, இன்னும் 25 அடி ஒட்டு போட்டுட்டுத்தான் இறங்கறோம்.