கோமாளி மீன் ஜோடிக்கு உயிருள்ள அனிமோனா, சிலிகான் அனிமோனா?

அடையாறு_தொட்டி:
வணக்கம். 3 அடி நீள உப்புநீர்த் தொட்டி, கல்லும் மணலும் போக 110 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஓட ஆரம்பித்து மூன்று மாதம். பண்ணையில் பொரித்த ஆசெல்லாரிஸ் வகைக் கோமாளி மீன் ஜோடி இருக்கிறது. கடையில் பபிள் டிப் வகை அனிமோன் (பூப்போல இதழ் விரிக்கும் கடல் உயிரி, கோமாளி மீன் தங்குவது) வந்திருக்கிறது, அதன் பக்கத்திலேயே சிலிகானில் செய்ததும் விற்கிறார்கள். விளக்கு 30 வாட் வெள்ளை-நீல எல்இடி. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லை, மதியம் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுகிறது. கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு). எதை வாங்கலாம்? அனிமோன் இல்லாவிட்டால் மீன் வாடிப்போகுமா?

உப்பளம்:
வாடாது. கடலில் பெரிய மீன்களிடமிருந்து தப்பிக்கத்தான் அதற்கு அனிமோன் வேண்டும். உங்கள் தொட்டியில் துரத்த ஆளில்லை. பண்ணை ஜோடிகள் ஓட்டுத் துண்டின் மேலும் மண்சட்டியின் உள்ளேயும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. ஆகவே மீனை மறந்துவிட்டு, அந்த அனிமோன் உங்களிடம் பிழைக்குமா என்று மட்டும் பாருங்கள். இன்றைய நிலையில் பிழைக்காது.

முதல் எதிரி சூடு. அனிமோனின் சதைக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. வெளிச்சத்தில் அவை செய்யும் உணவில்தான் அது பெரும்பாலும் வயிறு வளர்க்கிறது. தண்ணீர் நாள்கணக்கில் 30க்கு மேல் நின்றால் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 25 முதல் 27 டிகிரி வரை, ஏற்ற இறக்கமில்லாமல் வேண்டும். சென்னையில் மின்விசிறியை மட்டும் நம்பி மே மாதத்தைக் கடப்பது கஷ்டம், சில்லர் தேவைப்படும். 3 அடிக்கு 30 வாட் விளக்கும் போதாது. தொட்டிக்கும் வயது பத்தாது: குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் ஓடட்டும். கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 10க்குள், உப்படர்த்தி (நன்னீரை 1 என்று வைத்து) 1.025–1.026. ஆவியாகும் அளவுக்குத் தினமும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் ஊற்றாவிட்டால் இந்த எண் மெல்ல ஏறிக்கொண்டே போகும்.

அனிமோன் செத்தால் தனியாகப் போகாது. ஒரே இரவில் கரைந்து அம்மோனியாவை ஏற்றிவிடும். 110 லிட்டரில் மீன்களும் கூடவே போகும்.

மணல்திட்டு:
இப்போதைக்கு சிலிகானே வாங்குங்க. கடினப் பிளாஸ்டிக்கில் வருவது வேண்டாம், விளிம்பு உரசி மீனுக்குத் தோல் கிழியும். விரலால் அழுத்தினால் துவளணும். அடியில் கம்பியோ காந்தமோ இருந்தா ஒதுக்கிடுங்க, உப்புநீரில் துருப்பிடிக்கும். பெட்ரோல் மாதிரி நெடி அடித்தாலும் வேண்டாம்.

சோப்பு படாமல் ஆர்ஓ தண்ணீரில் கழுவி, ஒரு வெள்ளை வாளியில் உப்புநீர் ஊற்றி 48 மணி நேரம் ஊறப்போடுங்க. சாயம் இறங்கினால் வெள்ளை வாளியில் உடனே தெரியும். வேவ்மேக்கரின் (தண்ணீரை அலைபோல் ஓட்டும் பம்ப்) நேர் வீச்சு படாமல், இதழ்கள் மெதுவா அசையும் இடத்தில் கல் இடுக்கில் செருகுங்க.

வாங்கினவர்கள் பலர் ஒன்றைக் கவனிக்கிறதில்லை: இதழ்களுக்கு அடியில் கழிவும் மிச்ச தீனியும் தங்கும், நைட்ரேட் அதனாலேயே ஏறும். வாரம் ஒருமுறை பெரிய சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சிக் கிளப்பிவிடுங்க. பாசி படிந்தால், தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய நீரிலேயே மென்மையான பல்துலக்கியால் தேய்க்கலாம். உங்க நைட்ரேட் 25லிருந்து குறையவும் இது உதவும்.

அடையாறு_தொட்டி:
மிக்க நன்றி. சிலிகானை வைத்தால் ஜோடி அதில் குடியேறுமா? ஒரு வருடம் கழித்து உயிருள்ளதற்கு மாற நினைத்தால் என்ன பார்க்க வேண்டும்?

பவழப்பாறை:
குடியேறலாம், கண்டுகொள்ளாமலும் போகலாம். உயிருள்ளதற்கும் இதே பதில்தான். ஆசெல்லாரிஸ் கடலில் மூன்று வகை அனிமோன்களில்தான் வாழ்கிறது, பபிள் டிப் அவற்றில் சேராது. அது மெரூன் க்ளவுன் போன்ற வேறு கோமாளி மீன்களுக்கு உரியது. தொட்டியில் பல ஆசெல்லாரிஸ் ஜோடிகள் ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் வாரக்கணக்கில் ஆகும். ஜோடி அது பாட்டுக்குப் பம்ப் மூலையில் தூங்கினால் விட்டுவிடுங்கள். அழகாயிருக்கிறதென்று கார்ப்பெட் அனிமோனுக்கு மட்டும் போகாதீர்கள், மற்ற மீன்களைப் பிடித்துத் தின்னும்.

பபிள் டிப் வாங்கும்போது வாய் இறுக மூடியிருக்க வேண்டும், பாதத்தில் கிழிசல் கூடாது. வெள்ளை வெளேரென்று இருந்தால் பாசி இழந்தது. பளீர் மஞ்சள் பெரும்பாலும் சாயம் ஏற்றியது.

இந்தத் தொட்டியில் எப்போதாவது காப்பர் மருந்து (மீன் நோய்க்கான செம்பு மருந்து, அனிமோனுக்கு விஷம்) போட்டிருந்தால், சோதனையில் பூஜ்யம் காட்டும்வரை அனிமோனைக் கொண்டுவரக் கூடாது. கல்லும் மணலும் காப்பரைப் பிடித்துவைத்துக் கசியவிடும். இனி மீனுக்கு நோய் வந்தாலும் வைத்தியம் தனித் தொட்டியில்தான்.

பிடிக்காத இடத்திலிருந்து அனிமோன் நகர்ந்துகொண்டே இருக்கும், வேவ்மேக்கரில் சிக்கினால் கூழாகிவிடும். விடுவதற்கு முன்பே உறிஞ்சும் பக்கம் முழுக்க ஸ்பாஞ்சு உறை போடுங்கள். ஒரு மணி நேரம் சொட்டு சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்து பழக்கி, பாதம் கல் இடுக்கில் ஒட்டும்வரை வேவ்மேக்கரை நிறுத்திவையுங்கள். ஒட்டியபின் பிய்த்து எடுக்கவே கூடாது. தீனி வாரம் ஒருமுறை, அதன் வாயைவிடச் சிறிய இறால் துண்டு.

சுருங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கழிவை வெளியேற்றச் சில மணி நேரம் அப்படித்தான் கிடக்கும். வாய் பிளந்து, பாதம் எதிலும் ஒட்டாமல், அழுகல் நாற்றமும் வந்தால் காத்திருக்காமல் எடுத்துவிட்டு, அன்றே கால்வாசித் தண்ணீரை மாற்றி அம்மோனியாவைச் சோதியுங்கள்.