சர்வர் டவுன் ஆன நேரத்தைப் பின்னணியில் பதிவு செய்யும் புரோகிராம்: லாக் பாதியில் நின்றுபோகிறது, ஏன்?

கேள்வி

வணக்கம். நான் மூன்று சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அவற்றில் ஒன்று அவ்வப்போது விழுந்துவிட்டுத் தானாகவே எழுந்துவிடுகிறது. எப்போது விழுந்தது, எவ்வளவு நேரம் கிடந்தது என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. மாதக் கடைசியில் இத்தனை நிமிடம் டவுன் என்று அறிக்கை தர வேண்டும், குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் பைத்தானில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். நிமிடத்துக்கு ஒரு முறை மூன்றையும் பிங் செய்து (உயிரோடு இருக்கிறாயா என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பி), நேரத்தையும் பதில் வந்ததா இல்லையா என்பதையும் ஒரு வரியாக பிரிண்ட் செய்யும். வேறொரு லினக்ஸ் மெஷினில் நோஹப் போட்டு (நான் வெளியேறினாலும் ஓட்டம் நிற்காமலிருக்க), வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டு, பின்னணியில் ஓடவிட்டேன். ஒரு வாரம் கழித்து, தளம் 40 நிமிடம் திறக்கவே இல்லை என்று புகார் வந்தது. லாக்கைப் பார்த்தால் அந்த 40 நிமிடமும் சர்வர் நன்றாக இருப்பதாகவே எழுதியிருக்கிறது.

சரி என்று பிங்கை விட்டுவிட்டு, ரிக்வெஸ்ட்ஸ் என்ற பைத்தான் நூலகம் மூலம் முகப்புப் பக்கத்தை எடுத்துப் பார்க்கும்படி மாற்றினேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை 5:20-க்குப் பார்க்கிறேன், லாக் இரவு 2:14-உடன் நிற்கிறது. புரோசஸ் பட்டியலில் புரோகிராம் உயிரோடுதான் இருக்கிறது, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. கில் கட்டளையால் நிறுத்தி மறுபடி ஓட்டினேன், அந்த மூன்று மணி நேரப் பதிவு போனது போனதுதான். என்ன தவறு செய்கிறேன்?

பதில் 1

முதல் பிரச்சினை எளிது. பிங்குக்குப் பதில் சொல்வது அந்த மெஷினின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. வெப் சர்வர் செத்துக் கிடந்தாலும், டேட்டாபேஸ் இணைப்புகள் தீர்ந்துபோயிருந்தாலும், டிஸ்க் நிரம்பியிருந்தாலும் கெர்னல் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு, ஃபயர்வாலில், பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி-யை அடைத்துவிட்டால் நன்றாக ஓடும் சர்வர்கூட பிங்குக்குச் செத்ததாகத் தெரியும். பக்கத்தை எடுத்துப் பார்க்கும்படி மாற்றியது சரிதான், ஆனால் எல்லாம் சரி என்று சொல்லும் 200 என்ற பதில் எண் வந்ததோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பிழைப் பக்கத்தையே 200 என்று அனுப்பும் தளங்கள் நிறைய. டேட்டாபேஸில் ஒரு சின்னக் கேள்வி கேட்டுவிட்டுக் குறிப்பிட்ட ஒரு சொல்லைத் திருப்பித் தரும் தனிப் பக்கம் ஒன்றை வைத்து, அந்தச் சொல் வந்ததா என்று பாருங்கள்.

இரண்டாவது, ரிக்வெஸ்ட்ஸில் டைம்அவுட், அதாவது காத்திருக்கும் நேர வரம்பு, கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் அது தானாக எந்த வரம்பும் வைத்துக்கொள்ளாது. எதிர்முனை இணைப்பை ஏற்றுக்கொண்டு ஒன்றும் அனுப்பாமல் உட்கார்ந்தால் உங்கள் புரோகிராமும் அப்படியே உட்கார்ந்திருக்கும். நீங்கள் சொல்கிற அறிகுறி அதுதான் என்று நினைக்கிறேன். டைம்அவுட் 10 விநாடி போடுங்கள். ஆனால் அந்த 10 விநாடி மொத்த நேரத்துக்கான வரம்பு இல்லை, இணைப்பு கிடைக்கும் வரைக்கும், பிறகு தரவு எதுவும் வராமல் இருக்கும் இடைவெளிக்கும்தான். 9 விநாடிக்கு ஒரு பைட் என்று சொட்டுச் சொட்டாக அனுப்பும் சர்வரிடம் அது பலிக்காது. மொத்தத்துக்கும் ஒரு வரம்பு வேண்டுமென்றால் பக்கத்தை எடுக்கும் கர்ல் கட்டளையில் மேக்ஸ்-டைம் என்ற தேர்வு இருக்கிறது, அதையே புரோகிராமிலிருந்து கூப்பிடலாம். தளத்தின் பெயரை முகவரியாக மாற்ற முடியாவிட்டால் 6, இணைக்க முடியாவிட்டால் 7, நேரம் கடந்துவிட்டால் 28 என்று வெளியேறும்போது தனித்தனி எண் தரும். அதையும் சேர்த்துப் பதிவு செய்து வையுங்கள். ‘விழுந்தது’ என்பதைவிட ‘எப்படி விழுந்தது’ என்பதுதான் பிறகு உதவும்.

பதில் 2

டைம்அவுட் கட்டாயம் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த மூன்று மணி நேர ஓட்டைக்கு அதுதான் காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பிரிண்டை ஃபைலுக்குத் திருப்பிவிட்டதாகச் சொல்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பைத்தானில் பிரிண்ட் திரைக்குப் போகும்போது வரிக்கு வரி உடனே வெளியே வரும். ஃபைலுக்குத் திருப்பினால் அப்படி இல்லை, பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் சேர்த்து வைத்து அது நிரம்பியதும் மொத்தமாகக் கொட்டும். பல பதிப்புகளில் அந்தப் பஃபர் 8192 பைட். உங்கள் ஒரு வரி 40 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் அது நிரம்ப 200 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதாவது மூன்று மணி நேரத்துக்கும் அதிகம்! சர்வருக்கு ஒரு வரி என்று எழுதினால் சீக்கிரம் நிரம்பும், ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆக, 2:14-க்குப் பிறகும் புரோகிராம் ஒழுங்காக வேலை செய்திருக்கலாம். பதிவெல்லாம் நினைவகத்தில் இருந்திருக்கும், நீங்கள் கில் செய்தபோது அதுவும் சேர்ந்து அழிந்திருக்கும். சாதாரண கில் அனுப்பும் சிக்னலுக்கு, நாம் தனியாகக் கையாளாவிட்டால், பைத்தான் பஃபரைக் கொட்டாமலே போய்விடும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். இப்போது ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தாமல் அந்த லாக் ஃபைலை, புதிதாகச் சேரும் வரிகளைக் காட்டும் டெயில் கட்டளை போட்டு அரை மணி நேரம் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை வரி வருகிறதா, இல்லை ஒன்றுமே வராமல் இருந்து திடீரென்று ஒரு குவியலாக வருகிறதா?

கேட்டவர்

பார்த்தேன். சர்வருக்கு ஒரு வரி இல்லை, மூன்றையும் ஒரே வரியில்தான் எழுதுகிறேன். அரை மணி நேரத்தில் ஒரு வரிகூட வரவில்லை. விடாமல் வைத்திருந்தேன், இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பிறகு பழைய நேரங்களோடு ஒரு பெரிய குவியல் மொத்தமாக வந்து விழுந்தது. அப்படியென்றால் அன்றைக்கு நான் கில் செய்யாமல் விட்டிருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும்! இரண்டு நாளாக நெட்வொர்க்கில் தேடிக்கொண்டிருந்தேன், மிக்க நன்றி.

பிரிண்டுக்கு ஃப்ளஷ் சேர்த்து, ஒவ்வொரு வரியும் உடனே ஃபைலுக்குப் போகும்படி செய்துவிட்டேன், டைம்அவுட்டும் போட்டாயிற்று. இன்னும் இரண்டு சந்தேகம். இப்படி வரி வரியாக எழுதி வைத்தால் மாதக் கடைசியில் டவுன் நிமிடத்தை எப்படிக் கூட்டுவது? அப்புறம், நோஹப்புக்குப் பதில் சிஸ்டம்டி (லினக்ஸில் பின்னணிப் புரோகிராம்களை நடத்தும் அமைப்பு) சர்வீஸாக மாற்றி ரீஸ்டார்ட் ஆல்வேஸ் போட்டால், உண்மையாகவே புரோகிராம் எங்காவது தொங்கினாலும் அது எழுப்பிவிடுமா?

பதில் 3

கணக்கு பற்றிச் சொல்கிறேன், நான் இதில் நிறைய நாள் செலவழித்திருக்கிறேன்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி எழுத வேண்டாம், நிலை மாறும்போது மட்டும் எழுதுங்கள். எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் ஒரு டேபிள் போதும்: எந்த சர்வர், எப்போது விழுந்தது, எப்போது எழுந்தது, என்ன காரணம். விழும்போது எழுந்த நேரத்தைக் காலியாக விட்டு வரியைத் திறங்கள், எழும்போது அதை நிரப்பி மூடுங்கள். நடுவில் உங்கள் புரோகிராம் செத்தாலும் திறந்த வரி டிஸ்கில் இருக்கும், மறுபடி தொடங்கியதும் அதை எடுத்துக்கொண்டு தொடரலாம். ஒரே ஒரு தோல்விக்கு டவுன் என்று அறிவிக்காதீர்கள், ஒரு பாக்கெட் தொலைந்தாலும் தோல்விதான். தொடர்ந்து மூன்று தோல்வி வந்தால் அறிவியுங்கள், ஆனால் விழுந்த நேரமாக முதல் தோல்வியின் நேரத்தையே எழுதுங்கள். மூன்றாவதன் நேரத்தை எழுதினால் ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் சர்வருக்குச் சாதகமாகக் கழியும். நாகியோஸ் என்ற கண்காணிப்புப் புரோகிராமிலும் இதே யோசனைதான், தோல்வி உறுதியாகும் வரை அதை ஒரு மென்நிலையாக வைத்துக்கொண்டு பிறகுதான் கடுநிலைக்கு மாற்றும்.

நேரத்தை யூடிசி-யில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுதுங்கள். எவ்வளவு நேரம் என்ற நீளத்தை பின்னால் போகாத மோனோடானிக் கடிகாரத்தில் அளந்துகொள்ளுங்கள், நேரத்தைத் திருத்தும் என்டிபி கடிகாரத்தைப் பின்னால் தள்ளிய ஒரு நாளில் எனக்கு மைனஸ் 3 விநாடி டவுன் என்று பதிவாகியிருக்கிறது.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. உங்கள் டேபிளில் இரண்டு நிலை இருந்தால் போதாது, மூன்று வேண்டும்: இருந்தது, விழுந்தது, நாம் பார்க்கவில்லை. அந்த 2:14 முதல் 5:20 வரையான நேரத்தை அறிக்கையில் எங்கே வைப்பீர்கள்? பதிவு இல்லாததால் சர்வர் நன்றாக இருந்தது என்று சொன்னால் அது பொய், டவுன் என்று சொன்னாலும் பொய். அதனால் புரோகிராம் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ‘கடைசியாகப் பார்த்த நேரம்’ என்று ஒரே ஒரு வரியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மறுபடி தொடங்கும்போது அதை முதலில் படித்து, இப்போதைய நேரத்துக்கும் அதற்கும் இடையில் இரண்டு சுற்றுக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த இடைவெளியைப் பார்க்காத நேரம் என்று எழுதிவிட வேண்டும்.

30 நாள் மாதத்துக்கு 43,200 நிமிடம். 186 நிமிடம் பார்க்கவில்லை என்றால் மீதி 43,014-ஐ வைத்துத்தான் சதவீதம் போட வேண்டும், அந்த 186-ஐ அறிக்கையில் தனியாகக் காட்ட வேண்டும். 99.9 சதவீதம் என்று யாராவது கேட்டால் டவுனுக்கு மாதத்தில் இடம் 43.2 நிமிடம்தான், உங்கள் ஒரே ஒரு 40 நிமிடச் சம்பவம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தின்றுவிட்டது. நிமிடத்துக்கு ஒரு தடவை பார்ப்பதால் ஒவ்வொரு சம்பவத்தின் இரு முனையிலும் ஒரு நிமிடம் வரை பிசகலாம், சுற்றுக்கு இடையில் விழுந்து எழுந்தால் தெரியவே தெரியாது. அதையும் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பதில் 2

சிஸ்டம்டி கேள்விக்கு: இல்லை, எழுப்பாது. ரீஸ்டார்ட் ஆல்வேஸ் என்பது புரோசஸ் முடிந்துபோனால்தான் வேலை செய்யும். தொங்கிக்கொண்டிருக்கும் புரோசஸ் சிஸ்டம்டியின் கண்ணுக்கு நலமாக இருக்கும் புரோசஸ். அதற்கு வாட்ச்டாக் வசதி இருக்கிறது. சர்வீஸ் ஃபைலில் வாட்ச்டாக்செக் 180 என்று வைத்து, டைப்பை நோட்டிஃபை ஆக்குங்கள். புரோகிராம் தொடங்கியதும் தயார் என்ற செய்தியையும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வாட்ச்டாக் செய்தியையும் அனுப்பட்டும். 180 விநாடி செய்தி வராவிட்டால் சிஸ்டம்டி அதைக் கொன்றுவிட்டு மறுபடி தொடங்கும். செய்தியைத் தனி த்ரெட்டில் (அதே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் இன்னொரு ஓட்டம்) வைத்து அனுப்பாதீர்கள், சோதனை தொங்கினாலும் த்ரெட் நலம் நலம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும், பிறகு வாட்ச்டாக் இருந்தும் பயனில்லை.

இன்னொன்று, ரீஸ்டார்ட்செக் 10 என்று போட்டுக்கொள்ளுங்கள். மறுபடி தொடங்கும் முன் காத்திருக்கும் நேரம் அது, சொல்லாவிட்டால் 100 மில்லிவிநாடி. வழக்கமான அமைப்பில் 10 விநாடிக்குள் ஐந்து தடவைக்கு மேல் தொடங்கப் பார்த்தால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். பூட் ஆகும்போது நெட்வொர்க் தயாராகாமல் புரோகிராம் உடனுக்குடன் விழுந்தால் ஒரு விநாடிக்குள் அந்த ஐந்தும் தீர்ந்து, ரீஸ்டார்ட் ஆல்வேஸ் என்று எழுதியிருந்தும் அது எழாமல் கிடக்கும்.

கேட்டவர்

எல்லாவற்றையும் செய்து, ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். வெப் சர்வரை 7 நிமிடம் நிறுத்தினேன், 7 நிமிடம் பதிவானது. புரோகிராமை ஸ்டாப் சிக்னல் கொடுத்து உறையவைத்தேன், சில நிமிடத்தில் சிஸ்டம்டி மறுபடி தொடங்கியது, நடுவில் இருந்த நேரம் பார்க்காத நேரம் என்று சரியாக விழுந்தது. கடைசியாகக் கண்காணிக்கும் மெஷினின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன், மூன்று சர்வரும் ஒரே நேரத்தில் டவுன் என்று எழுதிவிட்டது. இதை எப்படிப் பிரிப்பது?

பதில் 3

சர்வர் தோற்றதும் சம்பந்தமே இல்லாத இரண்டு இடங்களைத் தொட்டுப் பாருங்கள்: உங்கள் கேட்வே (உங்கள் நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் வாசல்), வெளியே 1.1.1.1 போல எப்போதும் இருக்கும் ஒரு முகவரி. இங்கே பிங் போதும், பாதை இருக்கிறதா என்றுதான் கேட்கிறோம். இரண்டுமே தோற்றால் சர்வரைக் குறை சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை, அதையும் பார்க்காத நேரத்தில் சேர்த்துக் காரணமாக நெட்வொர்க் என்று எழுதுங்கள். கேட்வே மட்டும் பதில் தந்து வெளி முகவரி தோற்றாலும் அப்படியே, சர்வர்கள் கேட்வேக்கு அப்பால் இருந்தால்.