ரீலோட் செய்த 9 மிமீ தோட்டா சேம்பரில் முழுசாக உட்காரவில்லை

டெக்ஸாஸில் இருக்கிறேன். ரேஞ்சில் பிஸ்டலில் சுட வீட்டிலேயே ரீலோட் செய்யும் (சுட்ட காலிக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பும்) 9 மிமீ லூகர் தோட்டாக்களில் பாதிக்கு மேல் சேம்பரில், அதாவது பேரலில் தோட்டா உட்காரும் குழியில், சிக்குகின்றன. பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் ஸ்லைடு கடைசி 2 மிமீ மூடாமல் நின்றுவிடுகிறது. கடையில் வாங்கும் தோட்டா ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை.

குண்டு, கோட்டிங் போட்ட ஈயம், எடை 124 கிரெய்ன் (சுமார் 8 கிராம்), விட்டம் 9.04 மிமீ. கேஸ் (பித்தளைக் கூடு) எல்லாம் ரேஞ்சில் பொறுக்கியது, பல கம்பெனிக் கலவை. ஜாக்கெட் குண்டு (ஈயத்தின் மேல் செம்பு உறை) போட்டவரை தொல்லையில்லை. போன மாதம் இதற்கு மாறியதிலிருந்துதான்.

பேரலைக் கழற்றிச் சோதித்தேன். கடைத் தோட்டா 'டக்'கென்று விழுந்து விரலுக்குச் சுழல்கிறது. என்னுடையது பாதியில் இறுகுகிறது, தட்டித்தான் எடுக்க வேண்டும். மொத்த நீளத்தை 29-லிருந்து 28.5 மிமீக்குக் குறைத்தும் பலனில்லை. குண்டை இன்னும் இறக்கினால் பிரஷர் ஏறும், அந்த விளையாட்டு வேண்டாம். கிரிம்ப்பும் (கேஸ் வாயைக் குண்டின்மேல் இறுக்குவது) சரிதான், வாயருகே 9.63 மிமீ.

அப்புறம் தோட்டாமேல் மார்க்கர் மை பூசி சேம்பரில் போட்டேன், எங்கே உரசுகிறது என்று பார்க்க. குண்டில் கீறலே இல்லை. கேஸில், குண்டின் அடி நிற்கும் இடத்தில், ஒரு பக்கம் மட்டும் மை உரிந்து பித்தளை பளபளக்கிறது. தடவினால் லேசான புடைப்பு.

குண்டு சாய்ந்து இறங்குவதால் வரும் புடைப்பா இது, இல்லை 9.04 மிமீ குண்டே இந்த கேஸ்களுக்குப் பெரிசா?